எதெல்கா பெயர் பார்ப்பதில்லை

"கால்மான், பெயர்நாள் வாழ்த்து. நல்லா இருக்கியா? முட்டி வலி தேவலையா? ம். கேக்கு யார் பண்ணினா, மருமகளா? ம். அது சரி, அந்தக் கல்யாணச் சடங்குக் கட்டுரை என்னாச்சு? வேனல்ல தர்றேன்னே. இப்ப இலை உதிருது."

போதோர் எதெல்கா காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் செய்கிற முதல் வேலை இது. சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் உண்டு. அன்று அந்தப் பெயர்க்காரர்களுக்கெல்லாம் திருநாள். பிறந்தநாளை ஒருவர் மறைத்துவிடலாம், பெயர்நாளை மறைக்க முடியாது. வாழ்த்துச் சொல்ல வருகிற போனை எடுக்காமல் விட இந்த நாட்டில் யாருக்கும் மனம் வராது. அந்தப் பலவீனத்தை வைத்துக்கொண்டுதான் 'கேவே' என்ற ஆராய்ச்சிக் காலாண்டிதழை இத்தனை காலமாக நாள் தவறாமல் கொண்டுவருகிறார். கேவே என்றால் கதிர்க்கட்டு. ஹங்கேரிய மக்கள் எப்படி உடுத்தினார்கள், எதைச் சமைத்தார்கள், யாரை எப்படி வழியனுப்பினார்கள் என்று அறிஞர்கள் எழுதுவதையெல்லாம் அறுத்து, உதறி, கட்டாகக் கட்டுவது எதெல்காவின் பிழைப்பு.

அலுவலகம் செகெட் நகரின் ஒரு பழைய குடியிருப்பில், மாடியின் கடைசிக் கதவு. ஒரு அறையில் பழைய இதழ்கள் கூரை வரை. இன்னொன்றில் எதெல்காவும், பக்கம் கட்டுகிற தொமோதோரும், பச்சை ஓடு பதித்த கணப்பும். கணப்பின் மேல் எப்போதும் ஒரு தட்டு பொகாச்சா இருக்கும், பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைந்த உப்பு பன். கோபத்தோடு வருகிறவர் கையில் முதலில் அதைத் திணித்துவிடுவார். "சாப்பிட்டுட்டு சண்டை போடுங்க. வெறும் வயித்தோட போட்டா நீளும்" என்பார். அநேகமாக இரண்டாவது பொகாச்சாவில் சண்டை முடிந்துவிடும்.

அறுபத்து நான்கு வயது. குள்ளம். ஓட்டுவது, என்றோ யாரோ விட்டுப்போன ஆண்கள் சைக்கிள். கூடையில் மெய்ப்புத் தாள்கள் இருக்கும். மழை பிடித்தால் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றித் தாள்களுக்குப் போட்டுவிட்டு, தான் நனைந்தபடி போவார். பாலத்தில் எதிரே வருகிற பாதிப்பேர் அவருக்குக் கையசைப்பார்கள். மீதிப்பேர் கட்டுரை பாக்கி வைத்திருப்பவர்கள்.

எந்தக் கட்டுரையையும் அவர் முதலிலிருந்து படிப்பதில்லை. அடிக்குறிப்பில் ஆரம்பித்து மேலே ஏறுவார். "மேல எல்லாரும் கோட்டு மாட்டிக்கிட்டு ஜம்முனு நிப்பாங்க. கீழ வந்து பாத்தாத்தான் பொத்தான் அறுந்திருக்கறது தெரியும்." அவரே கேட்டு வாங்கிய கட்டுரை என்றால், படித்து முடித்ததும் எழுதியவரைக் கூப்பிட்டு எப்போதும் ஒரே தீர்ப்பு: "ரொம்ப நல்லாருக்கு. பாதியை எடுத்துடுங்க." எந்தப் பாதியை என்று ஒரு பேராசிரியர் விடாமல் கேட்டார். "எழுதறப்ப உங்களுக்கே புல்லரிச்சுதில்ல, அந்தப் பாதியை" என்றார் எதெல்கா. பேராசிரியர் இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் பாதிக் கட்டுரை தபாலில் வந்தது.

கடல் கடந்து போன ஹங்கேரியர்களும் இதழை வாங்குகிறார்கள். கிளீவ்லாந்திலிருந்து ஒரு கிழவர் இதழுக்கு இதழ் போன் செய்து, எங்கள் ஊரில் தலைத்துணியை அப்படிக் கட்டமாட்டார்கள், எவன் எழுதினான் என்று திட்டுவார். எதெல்கா ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பரம சந்தோஷமாகக் கேட்பார். வைத்ததும் தொமோதோரிடம் சொல்வார்: "கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்காருய்யா."

இந்த வேலையில் அவர் உயிராக மதிக்கிற விதி ஒன்று இருக்கிறது. கேட்டு வாங்குகிறவை போக, தானாக வருகிற கட்டுரை யார் எழுதியது என்று பார்க்கமாட்டார். காரணம் லேசானது. இந்தத் துறையில் நாடு முழுக்கச் சலித்தாலும் ஒரு பஸ் நிறைய ஆள் தேறாது. அந்த பஸ்ஸுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் மாணவர், சம்பந்தி, முன்னாள் மனைவி. பெயரைப் பார்த்துவிட்டால் கட்டுரையைப் பார்க்க முடியாது என்பது எதெல்காவின் கட்சி. அதனால் அந்தக் கட்டுரைகள் தொமோதோருக்குத்தான் வரும். அவர் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுப்பார். எதெல்கா படித்துவிட்டு, கருத்துச் சொல்ல இரண்டு அறிஞர்களுக்கு அனுப்புவார். இரண்டு பேரும் சரி என்றால்தான் அச்சு. அச்சுக்குப் போகிற அன்றைக்குத்தான் பெயரைத் தெரிந்துகொள்வார். "நானே கேட்டாலும் சொல்லாதே. கெஞ்சினாலும் சொல்லாதே" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே தொமோதோருக்கு உத்தரவு. படிக்கும்போது மனதுக்குள் ஊகித்துப் பார்ப்பார். அநேகமாகத் தப்பாது.

போன இலையுதிர் காலத்தில் பதினேழாம் எண் வந்தது. பழங்காலத்து இளைஞர்கள் தோளில் போட்டுத் திரிந்த பூத்தையல் கம்பளி மேலங்கியைப் பற்றிய கட்டுரை. பெண் வீட்டுக்குப் போகிற பையன் அதை மறந்தவன் போல அங்கேயே விட்டுவிட்டு வருவான். காலையில் அங்கி வீட்டுக்குள்ளேயே இருந்தால் சம்மதம், பெண் கேட்கப் போகலாம். வெளியே கூரை இறவாணத்தில் தொங்கினால், எடுத்துக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான். தொங்கவிட்டது தகப்பன், முடிவும் தகப்பனுடையது என்பதுதான் இதுவரை எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து. பதினேழாம் எண் வேறு சொன்னது. அப்படித் திருப்பிவிடப்பட்ட சில அங்கிகளில், கழுத்துப்பட்டியின் உட்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சிவப்பு நூல் தையல் இருக்கிறது. அது தையற்காரன் போட்டதல்ல. அங்கி வெளியே போவதற்கு முன்னால் அந்தப் பெண் போட்டது. தகப்பன் என்ன சொன்னாலும் நீ திரும்பி வா என்று அதற்கு அர்த்தம்.

படித்துவிட்டு எதெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெப்ரெட்சென் நகரத்துப் பையன் யாரோ, துணிச்சல்காரன் என்று ஊகித்துக்கொண்டார். கருத்துச் சொல்ல ஒருவர் கொலோஷ்வார் நகரத்து அறிஞர். இன்னொருவர் யார் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மேலங்கி என்றால் விதோர் அம்ப்ரூஷ். தகப்பன்தான் முடிவு செய்தான் என்று எழுதி நிலைநாட்டியவரே அவர்தான். எதெல்காவின் கல்லூரித் தோழர். வியாழன்தோறும் அவர் வீட்டில்தான் எதெல்காவுக்குச் சாப்பாடு. உறையில் அம்ப்ரூஷின் விலாசத்தை எழுதியபோது தொமோதோர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

கொலோஷ்வார்க்காரர் உடனே சரி என்று எழுதினார். அம்ப்ரூஷ் நான்கு பக்கத்துக்குக் கிழித்திருந்தார். எதெல்கா இரண்டையும் பெயரில்லாமல் கட்டுரையாளருக்கு அனுப்பச் சொன்னார். அந்த வாரமே கதவு படீரென்று திறந்தது. வந்தது ஷரோல்தா. நகர அருங்காட்சியகத்தில் துணிப் பிரிவின் தலைவி, எதெல்காவோடும் அம்ப்ரூஷோடும் ஒரே வகுப்பில் படித்தவர், அம்ப்ரூஷின் மனைவி. கையில் அந்த நான்கு பக்கம்.

"ஏண்டி எதெல்கா, உலகத்துல உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

எதெல்காவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் பொகாச்சாத் தட்டை எடுக்கப் போனார். அது மட்டுமே கைக்கு வந்தது.

"அதை வை. 'ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே'ன்னு பக்கத்துக்குப் பக்கம். காஸ் பில் கட்டிட்டேன்னா ஆதாரம் எங்கேங்கறான். சூப்புல உப்பு போட்டுட்டேன்னா ஆதாரம் எங்கேங்கறான். இந்த வாக்கியத்தோட குடித்தனம் பண்றவ நான். கண்டுபிடிக்க மாட்டேனா?"

எதெல்கா மெல்லத் தொமோதோர் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கல்யாணத்துக்கு முந்தின பேர்ல அனுப்பியிருந்தாங்க. பின்தேர் வீட்டுப் பொண்ணு, எங்க தெருதான்."

"சொல்லக் கூடாதாய்யா?"

"கெஞ்சினாலும் சொல்லாதேன்னீங்க, ஆசிரியரம்மா. நீங்க கெஞ்சக்கூட இல்ல."

அவர்மேல் கோபப்பட வழியில்லை. விதி எதெல்காவினுடையது. ஷரோல்தா நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். இத்தனை வருடம் அடுத்தவர்கள் கட்டுரைக்குத் துணி எடுத்துக் காட்டியவர், படம் எடுத்துக் கொடுத்தவர், நன்றியுரையில் கடைசிப் பெயராக வந்தவர். கல்லூரி ஆய்வேட்டுக்குப் பிறகு தனக்கென்று எழுதியது இது ஒன்றுதான். வீட்டில் சொல்லவில்லை.

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். ஒண்ணு, எனக்குப் பாடம் நடத்துவான். இல்லாட்டி பொண்டாட்டியாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சரின்னுடுவான். ரெண்டும் எனக்கு வேண்டாம்."

"வேற ஆளுக்கு அனுப்பறேன். முறைப்படி அப்படித்தான் செய்யணும். எனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல."

"வேண்டாம். அவன் சொல்றதுல மூணு இடம் சரி. அதுதான் வயித்தெரிச்சல். திருத்திட்டு மறுபடி அனுப்பறேன், அவனுக்கே அனுப்பு. அவன் சரின்னு சொல்லாம இது அச்சாச்சுன்னா, எனக்கு அது அச்சான மாதிரியே இருக்காது. யார் எழுதினதுன்னு தெரியாம சொல்லணும். நீ வாயைத் திறந்தேன்னா பாரு."

"எனக்குப் பொய் வராதுடி. வாரா வாரம் உன் வீட்டு மேஜைல உக்காரணும்."

"ரொட்டியை வாயில அடைச்சுக்கோ."

எதெல்காவுக்கு அன்று மெய்ப்பு ஓடவில்லை. விதி உடைந்துவிட்டது ஒரு பக்கம். அம்ப்ரூஷ் மறுபடியும் நிராகரித்தால் ஷரோல்தாவின் ஒரே கட்டுரை குப்பைக்குப் போகும், அதைக் குப்பையில் போடுகிற கை தன்னுடையதாக இருக்கும். ஏற்றுக்கொண்டால், பிறகு பெயரைப் பார்க்கும்போது தன்னை வைத்து நாடகம் ஆடினார்கள் என்று அவர் நினைக்கலாம். அம்ப்ரூஷ் கோபக்காரர். ஒருமுறை சண்டை என்றால் தெருவை மாற்றிக்கொண்டு நடக்கிறவர். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எதெல்காவுக்கு வேறு குடும்பம் இல்லை. வியாழக்கிழமைதான் குடும்பம்.

இருந்தாலும் சரி என்றுவிட்டார். தோழிக்காக மட்டும் இல்லை. கட்டுரை நன்றாக இருந்தது.

குளிர்காலம் முழுவதும் அந்த வியாழக்கிழமை மேஜையில் நடந்ததை ஒரு நாடகக்காரன் பார்த்திருந்தால் சோறு தண்ணீர் மறந்திருப்பான். புகையூட்டிய இறைச்சி போட்ட பீன்ஸ் சூப். அம்ப்ரூஷ் நெட்டை மனிதர், கரண்டியை ஆட்டிக்கொண்டுதான் பேசுவார்.

"அந்தப் பய பதில் எழுதியிருக்கான், எதெல்கா."

"எந்தப் பய?" என்று கேட்டது ஷரோல்தா, பரிமாறியபடி.

"உனக்குத் தெரியாது. மேலங்கியைப் பத்தி ஒருத்தன். தையற்காரன் அடையாளமா இருக்கலாமேன்னு கேட்டிருந்தேன். இல்லையாம். பூத்தையலையே குத்திக்கிட்டுப் போகுதாம் அந்த நூல், அதனால பின்னாடி போட்டதாம்."

"அது நியாயம்தானே?"

"நியாயம்தான். அதுக்காக? பின்னாடின்னா எப்ப, யாரு? ஆதாரம் எங்கே?"

"இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?"

எதெல்கா வாயில் ரொட்டி இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் பாவாடை இடுப்பில் இறுகிவிட்டது.

மறுபடி ஷரோல்தா திருத்தினார், மறுபடி தொமோதோர் பெயரை எடுத்தார், மறுபடி அம்ப்ரூஷுக்குப் போயிற்று. இந்த முறை கட்டுரையில் தலையணை உறைகள் வந்திருந்தன. திருப்பிவிடப்பட்ட பையனையே பிடிவாதமாகக் கட்டிக்கொண்ட சில பெண்களின் சீர்வரிசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தலையணை உறைகளிலும் அதே நூல், அதே கைத்தையல். அம்ப்ரூஷின் பேச்சு மாறத் தொடங்கியது. பய, அந்த ஆள் ஆனான். பனி உருகுகிற சமயத்தில் அந்த ஆள், அவர் ஆனார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் ஷரோல்தா போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"எங்க கிடங்குக்கு வந்தான்டி. அந்த அங்கியெல்லாம் எடுத்துக் காட்டுன்னான். உறைகளையும் கேட்டான். கண்ணாடியை நெத்தில ஏத்திக்கிட்டு, லென்ஸை வச்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா. எவ்வளவு நேரம்ங்கறே. நான்தான் விளக்கு பிடிச்சேன்."

"என்ன சொன்னான்?"

"கொஞ்சம் கிட்ட பிடின்னான், அவ்வளவுதான். போறப்ப, இதையெல்லாம் நீ நல்லா வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போனான்."

அடுத்த நாள் அம்ப்ரூஷ் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்தார். கருத்தை எப்போதும் எழுதித்தான் அனுப்புவார். பொகாச்சாவை வேண்டாம் என்றுவிட்டார். இருபது வருடத்தில் அவர் அதை மறுத்து எதெல்கா பார்த்ததில்லை. பயந்துபோனார்.

"போட்டுடு," என்றார் அம்ப்ரூஷ்.

"எதை?"

"மேலங்கியை. வெளிய மாட்டினது அப்பன்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா முடிவு பண்ணினது அவன் இல்ல. நான் முப்பது வருஷமா அப்பனையே பாத்துக்கிட்டிருந்தேன். கழுத்துப்பட்டியைப் புரட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, எதெல்கா. இந்த இதழ்ல முதல் கட்டுரை என்னுதுதானே? பின்னாடி தள்ளிடு. அதை முதல்ல போடு. யார்னு கேக்க மாட்டேன், கேட்டாலும் நீ சொல்ல மாட்டே."

எதெல்கா தலையை ஆட்டினார். சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. மனிதர் தோற்றுப்போனவர் போல இல்லை, தூங்கி எழுந்தவர் போல இருந்தார். தொமோதோர் அவசரமாகத் தட்டை நீட்டினார், அம்ப்ரூஷிடம் அல்ல, ஆசிரியரம்மாவிடம். எதெல்கா ஒரு பொகாச்சாவை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

வசந்த இதழ் வந்தால் தீஸா ஆற்றங்கரையில் மீன் சூப் வைப்பது 'கேவே'யின் வழக்கம். எழுதினவர்கள், கருத்துச் சொன்னவர்கள், சந்தாக்காரர்கள், எல்லோரும் வருவார்கள். நெருப்பின் மேல் கொப்பரையைத் தொங்கவிட்டு, கெண்டை மீனும் வெங்காயமும் கைநிறைய மிளகாய்த்தூளும் போட்டுக் கொதிக்க வைப்பது அம்ப்ரூஷின் பொறுப்பு. கரண்டி போட்டுக் கிளறினால் மீன் உடைந்துவிடும். கொப்பரையின் கைப்பிடியைப் பிடித்து அவ்வப்போது ஆட்டிவிட வேண்டும். அந்தக் கைப்பிடியை இன்னொருவர் தொட அவர் விட்டதில்லை.

இதழ்க்கட்டு தொமோதோரின் காரில் வந்தது. வில்லோ மரத்தடியில் ஷரோல்தா ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் தேவைக்கு மேல் நறுக்கிவிட்டிருந்தார். எதெல்கா கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தார். தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கலாமா, வீட்டுக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாமா, எல்லாம் யோசித்தாகிவிட்டது. இத்தனை பேர் நடுவில் மனிதர் கத்தினால் கத்தட்டும். கொண்டுபோய் நீட்டினார்.

அம்ப்ரூஷ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் கட்டுரையைத் திறந்தார். தலைப்பைப் பார்த்தார். கீழே பெயரைப் பார்த்தார். அவர் பக்கத்தைத் திருப்பவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. அந்த ஒரு பெயரையே முழுக் கட்டுரையைப் படிக்கிற நேரம் படித்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார், எதெல்காவைப் பார்க்காமல்.

"நடுவுலதான் தெரிஞ்சுது."

"விளக்கு பிடிச்சாளே," என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இதழை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். கொப்பரையை விட்டுவிட்டு வில்லோ மரத்தடிக்கு நடந்தார். ஷரோல்தா நறுக்குவதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. அம்ப்ரூஷ் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, கையை மறுபடி ஒருமுறை துடைத்துக்கொண்டு, கருத்தரங்கில் முன்பின் தெரியாத ஒருவரைச் சந்திக்கிறவர் போல, முதுகை நிமிர்த்திக் கையை நீட்டினார்.

"விதோர் அம்ப்ரூஷ்."

ஷரோல்தா கத்தியைக் கீழே வைத்தார். விரலில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டுக் கையைக் கொடுத்தார்.

"பின்தேர் ஷரோல்தா."

பிடித்த கையை இரண்டு பேரும் விடவில்லை. அந்தப் பக்கம் நெருப்பில் சூப் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. எதெல்கா கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். மரத்தடிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, கொப்பரையின் கைப்பிடியைப் பிடித்து, மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார்.